லாரபிக் கோட்டையில் காணாமல் போன கொடி

மிஸ் அடலைன் ராஸ்கோ யாரையும் தேடிப் போகிறவர் அல்ல. ஊர்தான் அவரைத் தேடிப் போகும். அதனால் அன்று காலை, தேவாலயத்துக்கு மட்டும் போடுகிற ஊதாத் தொப்பியோடு அவரே சாப்பாட்டுக் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, அடுப்பருகே நின்ற டெல்பினுக்குக் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"கிளெமென்ட், எழுந்திரு," என்றார் அவர், மூலை மேசையைப் பார்த்து. "கொடியைக் காணோம்."

கடையில் வேறு ஆள் இல்லை; மூலை மேசையில் கிளெமென்ட் பர்டெட் பச்சை மிளகாய்க் குழம்பு ஊற்றிய முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எழவில்லை. "உக்காரு அடலைன்," என்றார். "கொடி போனது போயிருச்சு. முட்டை ஆறிரும்."

பர்டெட் வேலையில் இருந்த காலமெல்லாம் கால்நடைச் சூட்டுக்குறி ஆய்வாளர். திருட்டு மாட்டின் தோலில் பழைய குறிக்கு மேல் புதுக் குறி போட்டிருந்தால் விரலால் தடவியே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வட்டாரத்தில் எது தொலைந்தாலும் ஷெரிஃபுக்கு முன்னால் அவரிடம்தான் வருவார்கள். டெல்பினின் அத்தையைக் கட்டியவர். அத்தை இறந்த பிறகு காலைச் சாப்பாடு இங்கேதான். டெல்பினுக்கு அதில் ரகசியச் சந்தோஷம். மாமாவுக்கு வழக்கு வந்தால் அவளுக்கும் வழக்கு வந்த மாதிரி.

"சட்டத்தோட போச்சா மிஸ் அடலைன்? கண்ணாடியோடவா?" என்று அவள் ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாத்தோடவும். அதைக்கூடப் பொறுத்துக்குவேன். அந்த ஹட்சின்ஸ் பய வந்து ஹாலைச் சங்கிலி போட்டுப் பூட்டிட்டான். கைரேகை எடுக்கிற ஆளு திங்கக்கிழமைதான் வருவானாம். அதுவரைக்கும் ஒருத்தரும் உள்ள போகக்கூடாதாம். இன்னைக்குச் சாப்பாடு, கிளெமென்ட்! தொண்ணூறு பேரு வந்திருக்காங்க. வெயில்ல மாடு மாதிரி நின்னுக்கிட்டா சாப்பிடுவாங்க?"

நியூ மெக்ஸிகோவின் அந்தப் பக்கத்தில் கோட்டை என்றால் மதிலும் அகழியும் கிடையாது. பெரிய மைதானம், அதைச் சுற்றி வெயிலில் காய்ந்த மண்கல்லால் கட்டிய நீண்ட கட்டடங்கள், அவ்வளவுதான். ஒரு காலத்தில் கறுப்பினக் குதிரைப்படை வீரர்கள் அங்கே இருந்தார்கள். எல்லைச் சண்டை முடிந்ததும் ராணுவம் கூரை உத்தரங்களைக்கூடக் கழற்றி விற்றுவிட்டுப் போய்விட்டது. போகாமல் தங்கிவிட்ட வீரர்கள் ஆற்றங்கரை மெக்ஸிகோக் குடும்பங்களில் பெண் எடுத்து, மிளகாயும் பீச் மரமும் நட்டு, பிள்ளை பெற்றுக் குடும்பமானார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இடிந்து கிடந்த சுவர்களைத் துண்டு துண்டாக மீட்டு, மண் பூசி, கூரை போட்டார்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, சிகாகோவிலிருந்தும் ஓக்லண்டிலிருந்தும்கூட எல்லோரும் வந்து, 'ஹால்' என்று எல்லோரும் சொல்லும் பழைய படைவீரர் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். படைக்கு வழிகாட்டிய அபாச்சிப் பூர்வகுடி வீரர்களின் வழியில் வந்த இரண்டு குடும்பங்களும் வருவதுண்டு. "எங்க நிலத்தை ஒழுங்காப் பாத்துக்கிறீங்களான்னு பாக்க வந்தோம்," என்று வருடம் தவறாமல் சொல்லிச் சிரிப்பார்கள்.

கூடத்தின் வடக்குச் சுவரில் அந்தக் கொடி தொங்கியது. சிவப்பும் வெள்ளையுமாக, ஓரம் இரண்டாகப் பிளந்த, குதிரைமேல் பிடிக்கும் சிறு கொடி. அடலைனின் தாத்தா அந்தப் படைப்பிரிவின் மூத்த சார்ஜென்ட். கொடியில் இருந்த கிழிசல்களை நுணுக்கமாகத் தைத்தது கோட்டைச் சலவைக்காரி ஒருத்தி. பல் டாக்டர் தியோ கேஜின் பாட்டி.

பர்டெட் தட்டைத் துடைத்த மாதிரி காலி செய்துவிட்டு எழுந்தார். "யார் யாருக்குத் தெரியும் கொடிதான் போச்சுன்னு?"

"ஹட்சின்ஸ் வாயைத் திறக்கக்கூடாதுன்னுட்டான். எனக்குத் தெரியும், இப்ப உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். ஹால்ல திருட்டுன்னு மட்டும் எல்லாருக்கும் தெரியும்."

"அது நல்லது," என்றார் பர்டெட். "டெல்பின், குழம்பை யார்கிட்டயாவது ஒப்படைச்சிட்டு வா."

அவள் ஏற்கெனவே வாசலில் இருந்தாள்.

ஹட்சின்ஸ் ஷெரிஃபின் துணை ஆள். வயது குறைவு, மீசை அதிகம். பர்டெட்டைக் கண்டதும் தொப்பியைத் தொட்டான். சங்கிலியை அவிழ்த்துக் கதவைத் திறந்தான்; ஆனால் வாசற்படியில் நின்றுதான் பார்க்கலாம் என்றான்.

"விடியற்காலைல லாலோ பாத்திருக்கான், சார். கதவு ரெண்டும் விரியத் திறந்து கிடந்துச்சாம். ஓடிப்போய் மிஸ் அடலைனை எழுப்பியிருக்கான்." லாலோ என்பவன் கோட்டையின் காவலாள், மைதானத்துக்கு மறுபக்கம் குடியிருந்தான்.

பழைய தொங்குபூட்டு திறந்த நிலையில் கொண்டியில் மாட்டியிருந்தது. கீறல்கூட இல்லை. பர்டெட் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "சாவி?"

அடலைன் கழுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினார். மங்கிய வெள்ளி நிறத்தில் ஒரு சாவி. "ராத்திரி தூங்கும்போதும் கழுத்துலதான். லாலோகூட என்கிட்டதான் வாங்குவான். வேற சாவியே கிடையாது. பழசு பூட்டுக்குள்ளயே முறிஞ்சப்ப தியோ கேஜ் பல்லு கட்டுற உலோகத்துல வார்த்துக் குடுத்தான். அப்ப அவன் நம்ம கோட்டைச் சங்கத்துச் செயலாளர்." கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன விதத்தில், இப்போது இல்லை என்பதும் சேர்ந்தே கேட்டது.

"அதான் ஜன்னல் வழியா வந்திருக்கான்!" என்று டெல்பின் விரலை நீட்டினாள். பக்கச் சுவரின் ஒடுங்கிய ஜன்னல் ஒன்றில் கண்ணாடி உடைந்திருந்தது. உள்ளே விழுந்த சில்லுகள் ஜன்னலடியில் சிதறிக் கிடக்கவில்லை. மூலையில் கூட்டிக் குவித்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தது. துடைப்பம் பக்கத்தில் சாய்ந்து நின்றது.

"சுத்தக்காரத் திருடன்," என்றார் பர்டெட்.

உள்ளே வேறெதையும் யாரும் தொட்ட மாதிரி இல்லை. கைப்பிடியில் தங்கம் இழைத்த அதிகாரியின் வாள் இடத்திலேயே இருந்தது. வெள்ளி ஊதுகொம்பும் இருந்தது. வடக்குச் சுவரில் மட்டும் கொடிச் சட்டம் தொங்கிய இடம் வெறுமையாக, சுற்றியிருந்த வெள்ளைப் பூச்சைவிடக் கறுத்துத் தெரிந்தது. அதற்கு நேர் கீழே தரையில் பூட்ஸ் தடம் ஒன்று. சிவந்த சேறு, ஓரம் காயத் தொடங்கியிருந்தது.

"மழை பெஞ்சு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார் பர்டெட்.

"பீச் பறிச்சு முடிச்சதுல இருந்தே ஒரு தூறல் இல்லை," என்றாள் டெல்பின். பிறகு அவளுடைய முகம் மாறியது. "மாமா, மேசையை யாரோ நகர்த்தியிருக்காங்க."

"எதை?"

"வடக்குச் சுவர் ஓரமா இருந்த வரிசை. பிள்ளைங்க வரிசை. நேத்துச் சாயங்காலம் நான்தானே போட்டேன். அந்தப் பக்கம் எப்பவும் குளுகுளுன்னு இருக்கும்னு சுவரை ஒட்டிப் போட்டேன். இப்பப் பாருங்க, பெஞ்சோட சேர்த்து நடுவுக்கு வந்திருச்சு."

பர்டெட் அவளைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி அவளுக்குத் தோன்றியது. "அந்தப் பக்கம் குளுகுளுன்னு இருக்குமா?"

"இந்த வருஷம்தான். ஏன்?"

"ஒண்ணுமில்லை. வா, மனுஷங்களைப் பாப்போம்."

மைதானம் முழுக்க வண்டிகள், கூடாரங்கள், விரட்டிக்கொண்டு ஓடும் குழந்தைகள். கூடத்தைச் சுற்றி ஹட்சின்ஸ் கயிறு கட்டியிருந்ததால், அதை ஒட்டி விளையாடிக்கொண்டிருந்த கூட்டம் மைதானத்தின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது.

முதலில் எதிர்ப்பட்டவர் லாண்டிஸ். டென்வரில் பழம்பொருள் வாங்கி விற்பவர். மூன்று நாளாக டெல்பினின் கடைக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கி, அவள் போடும் காபியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர். அந்த ஒரு காரணத்துக்காகவே டெல்பின் அவரைத் திருடன் என்று முடிவுகட்டியிருந்தாள்.

"கேள்விப்பட்டேன்," என்றார் அவர், பரபரப்பாக. "என்ன போச்சு? வாளா? சொல்லுங்க, கொடியா?"

"இன்னும் பாத்துக்கிட்டிருக்காங்க," என்றார் பர்டெட்.

லாலோ பீப்பாய் அடுப்பருகே நின்று கெளுத்தி மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தான். முழங்கால் வரை சேறு. டெல்பின் மாமாவின் விலாவில் இடித்தாள்.

"அடப் பாவமே, என்ன எடுத்துக்கிட்டுப் போனானுங்க?" என்றான் லாலோ. "என் தலையில வந்து விடிஞ்சது பாருங்க. கதவைப் பாத்ததும் உள்ளகூடப் போகலை, நேரா மிஸ் அடலைன்கிட்ட ஓடினேன். போனது பெரிய சாமானா?"

பர்டெட் அவனுடைய பூட்ஸை ஒருமுறை பார்த்தார். ஆற்றுச் சேறு கரேலென்று இருந்தது. "மீன் நல்லா விழுந்திருக்கு," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

டாக்டர் தியோ கேஜ் எல்லோரையும் விட்டுத் தள்ளி, மருந்துக் கிடங்கின் நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பீரங்கி மருந்து வைக்கக் கட்டிய சின்னக் கல் அறை அது. கோட்டையிலேயே அது ஒன்றுதான் கல் கட்டடம். டாக்டரின் கண்கள் சிவந்திருந்தன. காபிக் கோப்பை கையிலேயே ஆறிப்போயிருந்தது.

"டாக்டரே, ஹால்ல திருட்டாம்," என்றார் பர்டெட்.

"கேட்டேன்." கேஜ் நிமிர்ந்தார். "ஹாலைப் பூட்டிட்டாங்களா? நல்லாப் பூட்டிட்டாங்களா? யாரும் உள்ள போக மாட்டாங்களே?"

"சங்கிலி போட்டிருக்கான் ஹட்சின்ஸ். திங்கக்கிழமை வரைக்கும்."

"சரி," என்றார் கேஜ். சாய்ந்து உட்கார்ந்து, ஆறிய காபியைக் குடித்தார்.

காது கேட்காத தூரம் வந்ததும் டெல்பின் பொரிந்துவிட்டாள். "மாமா, இவர்தான்! எனக்கு இப்பத்தான் உறைக்குது. நேத்துச் சாயங்காலம் நீங்க இல்லை. இவர் ஹாலுக்குள்ள வந்து, பல்லைத் தட்டுற கம்பியை வெச்சுச் சுவரை டொக்கு டொக்குன்னு தட்டினார். அப்புறம் மிஸ் அடலைன்கிட்ட போய், 'சத்தம் சரியில்லை, விழப்போகுது'ன்னார். அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி அவங்க, 'டாக்டரே, பல்லு இருந்தாத் தட்டு, என் சுவரை விடு'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். அந்தக் கோவத்துல எடுத்துட்டார்!"

சிரிப்புக்கு ஒரு கதை இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன் கேஜ் சங்கச் செயலாளராக இருந்தபோது, பழைய ஆஸ்பத்திரிச் சுவர் விழப்போகிறது என்று சொல்லி ஒன்றுகூடலையே நிறுத்தினார். பாதி வழி வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். சுவர் விழவில்லை; இன்றுவரை நிற்கிறது. அந்த வருடம் சிகாகோவிலிருந்து கடைசியாக ஒருமுறை ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பியிருந்த அடலைனின் அண்ணன் ஏமஸும் திரும்பிப் போனார். குளிர்காலம் முடிவதற்குள் இறந்துவிட்டார். அடலைன் அதை மன்னிக்கவில்லை. ஊர் கேஜுக்கு 'விழப்போகுது டாக்டர்' என்று பெயர் வைத்தது.

பர்டெட் தன் வண்டியைத் திறந்து, நீண்ட இரும்புக் கம்பி ஒன்றை எடுத்தார். எப்போதோ ஒரு மாட்டுத் திருடனிடம் பறித்தது.

"ஆளைச் சரியாப் பிடிச்சே டெல்பின்," என்றார். "காரணத்தைத் தப்பாப் பிடிச்சே. எல்லாரையும் அந்த மரத்தடிக்கு வரச் சொல்லு. ஹட்சின்ஸையும்."

அந்தப் பக்கத்தில் பருத்தி மரம் என்று சொல்லும் பெரிய நிழல்மரத்தடியில் அடலைன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். லாண்டிஸ், லாலோ, ஹட்சின்ஸ் நின்றார்கள். கேஜ் கடைசியாக வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பின்னால் ஊரே கூடிவிட்டது.

"கொடி போச்சு," என்றார் பர்டெட் சாதாரணமாக. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. "பதறாதீங்க. அது கோட்டையை விட்டு வெளியே போகலை. மொதல்ல பூட்டைப் பத்திச் சொல்றேன். ஜன்னல் உடைஞ்சிருக்கு. ஆனா கொடிச் சட்டம் எவ்வளவு அகலம், டெல்பின்?"

"ரெண்டு கையையும் விரிச்சாத்தான் பிடிக்க முடியும். நான்தானே தூசி தட்டுறேன்."

"அந்த ஜன்னல்ல பூனைதான் நுழையும். அப்ப சட்டம் போனது கதவு வழியா. கதவு வெளிப்பக்கம் பூட்டின கதவு. பூட்டுல கீறல் இல்லை. அதனால சாவி போட்டுத்தான் திறந்திருக்கான். ஜன்னலை உடைச்சது சும்மா நாடகம். வெளியாள் வேலைன்னு தெரியணும், ஷெரிஃபைக் கூப்பிடணும். சாவி ஒண்ணுதான், அது அடலைன் கழுத்துல. லாலோகிட்ட இல்லை. லாண்டிஸ்கிட்ட இல்லவே இல்லை."

"அப்போ நான் திருடினேன்கிறியா?" என்றார் அடலைன்.

"உனக்கு நாடகம் வராது அடலைன். சாவி ஒண்ணுதான், ஆனா சாவியை வார்த்த அச்சு இன்னொருத்தர்கிட்ட இருக்கு."

எல்லாத் தலையும் கேஜின் பக்கம் திரும்பியது. அவர் அசையவில்லை.

"அவசரப்படாதீங்க," என்றார் பர்டெட். "திருட்டு மாட்டைப் பிடிக்கும்போது நான் பழைய குறியைத் தேட மாட்டேன். மேல போட்ட புதுக் குறியால என்ன ஆச்சுன்னு பாப்பேன். இந்தத் திருட்டால என்ன ஆச்சு? கொடியை விக்க முடியாது. இந்தப் பக்கம் அதைத் தெரியாத ஆள் இல்லை. பக்கத்துல தங்கப் பிடி போட்ட வாள் அப்படியே இருக்கு. திருடினவன் கதவைச் சாத்திட்டுப் போயிருந்தா மத்தியானம் வரைக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இவன் விடிஞ்சதும் தெரியட்டும்னு விரியத் திறந்து போட்டிருக்கான். ஆச்சுன்னு சொன்னா ஒரே ஒரு காரியம்தான் ஆச்சு. ஹாலைப் பூட்டினாங்க."

டெல்பின் கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்குக் காலைல லாண்டிஸ் என்கிட்ட, 'என்ன போச்சு'ன்னு கேட்டார். லாலோவும் அதையேதான் கேட்டான். திருட்டுன்னா மனுஷன் அதைத்தான் கேப்பான். டாக்டர் மட்டும் அதைக் கேக்கலை. 'ஹாலைப் பூட்டிட்டாங்களா'ன்னு கேட்டார்."

"கண்ணாடிச் சில்லு..." என்று டெல்பின் தன்னையறியாமல் சொன்னாள்.

"ஆமா. பிள்ளைங்க வெறுங்காலோட ஓடும்னு கூட்டி மூடி வெச்சிருக்கார். பூட்டுப் போடாம விட்டுட்டாங்கன்னா என்ன பண்றதுன்னு பிள்ளைங்க மேசையைச் சுவரை விட்டுத் தள்ளி வெச்சிருக்கார். அந்தச் சேத்துத் தடம்... மழை இல்லை, ஆத்துச் சேறு கறுப்பு. சிவப்புச் சேறு எங்க இருந்து வந்துச்சு? சுவர்ல இருந்து. கொடியைக் கழட்டினதும் பின்னாடி தோண்டிப் பாத்திருக்கார். ஈர மண்ணு கீழ ஒழுகியிருக்கு, அதை மிதிச்சிருக்கார். அப்படித்தானே தியோ?"

கேஜ் மெல்லத் தலையசைத்தார். "என் கம்பி கைப்பிடி வரைக்கும் போச்சு, கிளெமென்ட். சொத்தைப் பல்லுல போற மாதிரி."

"போதும்!" அடலைன் எழுந்தார். "மறுபடியும் அதே கதை. போன வருஷம் இன்ஜினியர் வந்து பாத்து, நூறு வருஷம் நிக்கும்னு சொல்லிட்டுப் போனார். ஹட்சின்ஸ், கொடி இங்கதான் இருக்குன்னு ஆயிருச்சுல்ல, கதவைத் திற. சாப்பாடு ஆறுது."

ஹட்சின்ஸ் பர்டெட்டைப் பார்த்தான். பர்டெட் இரும்புக் கம்பியை அடலைனிடம் நீட்டினார்.

"இன்ஜினியர் வந்தப்ப இந்த வருஷம் போட்ட தண்ணிக் குழாய் இல்லை. வா, நீயே குத்திப் பாரு. இறங்கலைன்னா நானே கதவைத் திறந்துவிடுறேன்."

அடலைன் கம்பியை வாங்கிக்கொண்டு நடந்தார். மற்றவர்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டு பர்டெட் மட்டும் கூடப் போனார். வடக்குச் சுவரின் வெளிப்புறம், எந்தக் காலத்திலோ யாரோ நல்லெண்ணத்தோடு சிமென்ட் பூசியிருந்தார்கள். பார்வைக்கு உறுதியாகத்தான் இருந்தது. அடியில் ஒரு விரிசல். அதிலிருந்து எட்டடி தள்ளி, வெயிலில் வருபவர்கள் குடிக்கட்டும் என்று இளவேனிலில் அண்ணன் ஏமஸ் பெயரில் அடலைன் வைத்த தண்ணீர்க் குழாய்.

அடலைன் விரிசலில் கம்பியை வைத்துத் தள்ளினார். பலமாகத் தள்ளவேண்டும் என்று நினைத்துத்தான் தள்ளினார். வேகவைத்த பூசணியில் கத்தி இறங்குவதுபோல் அது போய்க்கொண்டே இருந்தது. கை சுவரில் முட்டியதும்தான் நின்றது. கம்பியை உருவியபோது பின்னாலேயே சிவப்புத் தண்ணீர் கசிந்து வழிந்தது.

"மண்ணுதான் ஈரத்தை மூச்சு விட்டு வெளிய தள்ளும்," என்றார் பர்டெட் தாழ்ந்த குரலில். "சிமென்ட் வாயைப் பொத்திருச்சு. குழாய் அடியில ஒழுகியிருக்கு, சுவர் முழுக்கக் குடிச்சிருக்கு, அதான் உள்பக்கம் அந்தக் குளுமை. வா, தள்ளி வா அடலைன்."

அவர் நகரவில்லை. கம்பியைப் பிடித்தபடியே நின்றார். பர்டெட் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். லாலோ ஓடிப்போய்க் குழாயின் அடைப்பைத் திருகினான்.

"ஏன் தியோ, என்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றார் அடலைன். கேட்ட உடனேயே அவருக்கே விடை தெரிந்துவிட்டது, முகம் கோணியது.

கேஜ் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். "நாலு வருஷமா ஏமஸை நினைக்காத நாள் இல்லை அடலைன். நான் மறுபடி கத்தினா யாரும் கேக்க மாட்டீங்கன்னு தெரியும். தொண்ணூறு பேரைத் திருப்பி அனுப்பவும் என்னால முடியாது. எல்லாரும் சாப்பிடணும், ஆனா வெளியில சாப்பிடணும். அதுக்கு எனக்கு வேற வழி தெரியலை. திருடன்னு பேர் வந்தாலும் சரின்னுதான்..."

"கொடி எங்க?" என்றான் ஹட்சின்ஸ்.

"கல் அறையில இருக்கும்," என்றார் பர்டெட். "பாட்டி தைச்ச துணியைக் கோட்டையிலேயே காய்ஞ்ச இடத்துலதானே வெப்பார்? காலைல இருந்து வாசல்லயே காவல் உக்காந்திருக்கார்."

கேஜ் போய், கம்பளியில் சுற்றிய சட்டத்தைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

ஹட்சின்ஸ் தொண்டையைச் செருமினான். "உடைஞ்ச ஜன்னலுக்கு நான் யாரையாவது..."

"அதை நான்தான் உடைச்சேன்," என்றார் அடலைன். "போய்க் கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

கூடத்துக்குள் யாரையும் விடவில்லை. கடையிலிருந்த மேசைகள், வண்டிகளின் பின்கதவுகள், தேவாலயத்துப் பெஞ்சுகள் என்று கிடைத்ததையெல்லாம் பருத்தி மரங்களின் நிழலில் நீளமாகப் போட்டார்கள். லாண்டிஸ்கூட மேல்சட்டையைக் கழற்றிவிட்டு பெஞ்சு தூக்கினார். டெல்பின் முதல்முறையாக அவருக்குக் காபி நன்றாகப் போட்டுக் கொடுத்தாள். ஆட்டுக்கறிக் குழம்பும், சோள ரொட்டியும், அவரையும், கெளுத்தி வறுவலும் வரிசையாக வந்தன. காற்று குழம்பில் தூசியைத் தூவியது. யாரும் குறை சொல்லவில்லை.

எல்லோரும் உட்கார்ந்து, ஜெபம் சொல்லத் தலை குனிந்திருந்தார்கள். அப்போதுதான் அது நடந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. கிழட்டு மாடு ஒன்று களைத்துப் படுப்பதுபோல் கூடம் ஒரு பெருமூச்சு விட்டது. வடக்குச் சுவர் நடுவில் மடங்கி உட்கார்ந்தது. அதன்மேல் கிடந்த உத்தரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கின. செந்தூசி மரங்களுக்கு மேல் எழுந்து, மெதுவாக மைதானத்தில் படிந்தது.

டெல்பின் பிள்ளைகள் வரிசையைப் பார்த்தாள். அவளுடைய மகள் இனெஸ் வாயில் ரொட்டியோடு, கண்ணை அகல விரித்து, அங்கே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓக்லண்ட்காரர்களின் இரட்டைப் பிள்ளைகள். அதற்கடுத்து அபாச்சிக் குடும்பத்துச் சின்னப் பெண். ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே போனாள். நேற்று தன் கையால் மேசை போட்ட சுவரோரம் இப்போது எதற்கடியில் கிடக்கிறது என்று நினைத்தபோது, மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பர்டெட் அவள் கைமேல் தன் கையை வைத்தார்.

மேசையின் கடைக்கோடியில் டாக்டர் கேஜ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"இந்தத் தடவையும் நான் தப்பாப் போயிருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன்," என்றார். "சத்தியமா அப்படித்தான் வேண்டிக்கிட்டேன்."

முதல் தட்டு வயதில் மூத்தவருக்கு என்பது அங்கே வழக்கம். அது அடலைனின் முன்னால் இருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். ஊதாத் தொப்பியில் செந்தூசி படிந்திருந்தது. நீண்ட மேசையின் ஓரமாக, யாரையும் பார்க்காமல், குழம்பு சிந்தாமல் நடந்து கடைக்கோடிக்குப் போனார். தட்டை கேஜின் முன்னால் வைத்தார்.

"சாப்பிடு, தியோ," என்றார். "இடிஞ்ச மண்ணு எங்கயும் போகாது. நாளைக்கு எல்லாரும் சேந்து அதையே மிதிச்சுப் புதுக் கல்லு அறுக்கணும். நீதான் சொல்லித்தரணும், எங்க எப்படின்னு."

சிகாகோவிலிருந்து வந்த ஒருவர், காலையில் கிளம்புவதாக இருந்தவர், உட்கார்ந்த இடத்திலேயே, மண் மிதிக்க, பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். நாளைக்குத்தான் என்று மனைவி அவருக்கு நினைவூட்டினாள்.

கேஜ் கரண்டியை எடுத்தார். அடலைன் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் போய், இரண்டு தோள்களிலும் கையை வைத்துக்கொண்டு நின்றார். கேஜ் முதல் வாய் உண்டு விழுங்கும் வரைக்கும், தொண்ணூறு பேரில் ஒருவரும் தங்கள் தட்டைத் தொடவில்லை.